தண்ணி படாத புடவை

தேவயானி யாரையும் நம்பமாட்டாள். புறம் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம்; அவள் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம், இதை இப்போது எதற்குச் சொல்கிறாள் என்று என்னையும் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பாள்.

நான் கல்பனா. ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்து மலைக்கிராமத்தில் தையல் மிஷின் வைத்திருக்கிறேன். என் வீட்டுக்கும் தேவயானி வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான். அவள் வீட்டிலேயே துணிக்குப் பெயிண்டிங் போடுகிறாள். புடவை, ரவிக்கை, பிள்ளைகளின் பாவாடை, பையன்களின் டீ-சர்ட் எதுவானாலும் கொண்டுபோய்க் கொடுக்கலாம். பூவோ மயிலோ பலாப்பழமோ, அவள் போட்டுக் கொடுத்தால் துணி கிழிந்தாலும் கிழியுமே தவிர, போட்டது போகாது. ஊர் டீச்சரிலிருந்து ஒடுகத்தூர் கல்யாண வீடுகள்வரை அவள் கைவேலையைக் கட்டிக்கொண்டு திரிகிறார்கள். ரவிக்கையைத் தைப்பது நான், அதில் பூப்போடுவது அவள். அதனால் அவள் வீட்டு விஷயம் எனக்கு அத்துப்படி.

பெயிண்ட் வாங்க ஒடுகத்தூருக்குப் போனால், கடைக்காரர் எதிரிலேயே ஒவ்வொரு பாட்டிலாகத் திறப்பாள். விரல் நுனியால் தொட்டு, கட்டியிருக்கிற புடவையின் உள்மடிப்பில் தடவிப் பார்ப்பாள். ஓரம் விரிந்தால் கடைக்காரர் தண்ணீர் கலந்துவிட்டார் என்று பொருள். அவள் புடவைகளின் உள்பக்கம் முழுக்க இப்படிப் பொட்டுப் பொட்டாகக் கறை இருக்கும். வீட்டுக்கு வந்ததும் பாட்டிலில் பெயிண்ட் எதுவரை இருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு வைப்பாள். போட்ட புடவையைக் காயவைக்கும்போது பின்பக்கம்தான் வெளியே தெரியும். முன்பக்கம் தெரிந்தால் எவளாவது செல்போனில் படம் பிடித்துவிடுவாளாம். எவளாவது என்றால் புவனா. ஜமுனாமரத்தூரில் மகளிர் குழுவுக்கு நடந்த பெயிண்டிங் வகுப்பில் இவளோடு சேர்ந்து படித்தவள், கீழ்த்தெருவில் அவளும் இதே வேலை செய்கிறாள். புவனா எங்கள் தெரு வழியாகப் போனால் தேவயானி வீட்டு ஜன்னல் சாத்திக்கொள்ளும்.

இந்தக் குணம் பிறவியிலேயே வந்ததா என்றால், பாதி அப்படித்தான். மீதிப் பாதியை அவளுடைய மாமியார் செல்லியம்மாள் கணக்கில் எழுத வேண்டும்.

கல்யாணமாகி வந்த புதிதில் நாத்தனார் புடவைக்குப் பூப்போட்டாள் தேவயானி. அதுதான் முதல் வேலை. புதுத் துணியில் மில்லிலேயே கஞ்சி போட்டு அனுப்புவார்கள். அதை நன்றாகத் துவைத்துக் கஞ்சியை எடுத்த பிறகுதான் பெயிண்ட் போட வேண்டும். இல்லாவிட்டால் பெயிண்ட் நூலில் பிடிக்காமல் கஞ்சிமேல் உட்கார்ந்துகொள்ளும். வகுப்பில் சொல்லித்தான் கொடுத்தார்கள், அவசரத்தில் இவள் விட்டுவிட்டாள். அந்தப் புடவையை முதல்முறை துவைத்தவள் செல்லியம்மாள். பூவெல்லாம் செதில் செதிலாக உரிந்து ஓடையில் போய்விட்டது. அவள் ஈரப்புடவையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் விரித்துக் காட்டி, ஒரு தடவை தண்ணியில நிக்காத வேலைக்கு இம்மா நாள் கிளாஸா என்று கேட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

கஞ்சியால் வந்த வினை என்பது தேவயானிக்குப் பின்னால் தெரிந்தது. தெரிந்தும் என்ன? மாமியார் வேண்டுமென்றே சலவைச் சோடா போட்டு ஊறவைத்திருப்பாள் என்கிற சந்தேகம் மட்டும் அவளைவிட்டுப் போகவேயில்லை. அடுத்த வருஷமே தனி அடுப்பு, தனி வீடு. ஒரே நிலத்தில் இரண்டு கூரை. புருஷன் ஆனந்தன்தான் இரண்டுக்கும் நடுவில் நடந்து தேய்ந்தான்.

அந்த ஆனந்தன் போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் புளி உலுக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். பிழைப்பானா, பிழைத்தாலும் நடப்பானா என்று ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, செல்லியம்மாள் எங்கள் ஊர்க் காளியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். பிள்ளை எழுந்து நடந்தால் ஆடித் திருவிழாவில் பூப்போட்ட புடவை சாத்துகிறேன், அதையும் மருமகள் கையாலேயே போட்டுச் சாத்துகிறேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். ஆனந்தன் எழுந்து நடந்தான். கொஞ்சம் சாய்ந்து நடக்கிறான், அவ்வளவுதான்.

எங்கள் காளியம்மனுக்குச் சாத்துகிற புடவைக்கு ஒரு வழக்கம் உண்டு. அது தண்ணி படாத புடவையாக இருக்க வேண்டும். அதன்மேல் படுகிற முதல் தண்ணீர் கோயில் சுனைத் தண்ணீராக இருக்க வேண்டும். ஊர்க் கூட்டத்துக்கு எதிரில் அண்டாவில் முக்கி, பிழிந்து, ஈரத்தோடுதான் அம்மனுக்குக் கட்டுவார்கள். முன்னமே தண்ணீர் பட்ட புடவை என்றால் எச்சில் பட்ட படையல் போல. வேண்டுதல் சேராது, வேண்டியது யாருக்காகவோ அவர் தலையில் விடியும் என்பார்கள். இதுவரை சாத்தியதெல்லாம் நெசவிலேயே பூ விழுந்த புடவைகள். பெயிண்ட் போட்ட புடவை இதுதான் முதல்.

ஆடி பிறப்பதற்கு முன்னால் ஒருநாள் செல்லியம்மாள் ஒரு சிவப்புப் பருத்திப் புடவையைக் கொண்டுவந்து மருமகள் வீட்டு வாசலில் நின்றாள். பெயிண்டில் தண்ணீர் இருக்குமே, குற்றமில்லையா என்று தேவயானி கேட்டாள். பூசாரியைக் கேட்டாகிவிட்டதாம், மஞ்சள் குழைத்துத் தடவுவது போலத்தான், குற்றமில்லை என்று சொல்லிவிட்டாராம். நாலு ஓரமும் தாமரை வேண்டும் என்று சொல்லி, கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் தலை மறைந்ததும் தேவயானி புடவையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

“பாத்தியா யக்கா. தொவைக்காம போட்டா ஊரு முன்னாடி அண்டாவுல கரையும். தொவைச்சிப் போட்டா சாமி குத்தம். நாத்தனா பொடவைக்கு நாலு பேரு சிரிச்சாங்க. இப்ப ஊரே சிரிக்கணும்னு தேடிக் குடுத்துட்டுப் போவுது.”

எனக்கும் அப்படித்தான் பட்டது. வருஷக்கணக்காகப் பேசாத மாமியார் வேண்டுதலைச் சாக்கிட்டு உன் கையால் என்று வந்து நின்றால் யாருக்கும் படும். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். கரைந்தால் கைவேலைப் பெயர் போகும். அந்தப் பெயரை வைத்துத்தான் இந்தக் குடும்பம் சாப்பிடுகிறது. ஆனந்தனால் இனி மரம் ஏற முடியாது.

துணி எப்படி என்று பார்க்கக் கையில் வாங்கினேன். வாங்கியதும் எனக்கு நெருடியது. நான் தையல்காரி, துணி என்னிடம் பொய் சொல்ல முடியாது. புதுப்புடவை மொடமொடவென்று இருக்கும், மடிப்பு கத்தியைப் போல நிற்கும். இது குழைந்து கிடந்தது. உள்ளோரத்தை நகத்தால் சுரண்டினேன். புதுத் துணி என்றால் வெள்ளையாகக் கஞ்சி மாவு உதிரும். இதில் ஒன்றுமே வரவில்லை. இஸ்திரி போட்டிருந்தது, ஆனால் வீட்டுக் கைப்பெட்டியில் போட்ட இஸ்திரி. கடைச் சீட்டு ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்தேன். சீட்டுக்கு அடியில் ஒரு சோற்றுப் பருக்கை நசுங்கிக் காய்ந்திருந்தது.

எந்த மில்லில் சோறு வைத்துச் சீட்டு ஒட்டுகிறார்கள்?

“இது தொவைச்ச பொடவைடி,” என்றேன்.

தேவயானி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.  பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் வந்த பேச்சு நிற்கவே இல்லை. கட்டிக் கழித்த புடவையைப் புதுசு என்று சாமிக்கே கொடுக்கிறாளா? இல்லை, இதற்குள் வேறு ஏதாவது இருக்கிறதா? யோசிக்க யோசிக்க எனக்குத்தான் அது தட்டுப்பட்டது, சொல்லியும் தொலைத்தேன். பெயிண்ட் கரையவில்லை என்றால், ஏன் கரையவில்லை என்று விவரம் தெரிந்த எவளாவது கேட்பாள். துவைத்த புடவை, அதனால்தான் கரையவில்லை என்று பதில் வரும். யார் துவைத்தது என்றால், பெயிண்ட் போட்டவளைத்தான் ஊர் பார்க்கும். கரைந்தாலும் இவள் குற்றம், கரையாவிட்டாலும் இவள் குற்றம்.

“விவரம் தெரிஞ்சவன்னா யாரு யக்கா?” என்றாள். அவளுக்கே தெரியும். நான் முந்தின வாரச் சந்தையில் கண்ணால் பார்த்ததையும் அப்போது சொன்னேன். தேன் விற்கிற இடத்துக்குப் பின்னால் செல்லியம்மாளும் புவனாவும் தனியாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றுபோயிற்று.

தேவயானி ஆனந்தனிடம் கேட்டாள். எங்க அம்மா அப்படியெல்லாம் செய்யாது என்றான். அன்றிலிருந்து அவனையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டாள். சாப்பாடு மட்டும் போட்டாள், பேச்சில்லை.

புடவையைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. புருஷன் உயிருக்காக வைத்த வேண்டுதலையே மறுத்தவள் என்று ஆகிவிடும். வேறு புதுப்புடவை வாங்கி மாற்றி வைத்தால் அது கட்டாயம் கரையும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முள். கடைசியில், போடுகிறேன், ஆனால் சும்மா போடமாட்டேன் என்றாள். சோற்றுப் பருக்கையோடு அந்தச் சீட்டைப் பிய்க்காமல், துணியிலிருந்து பதமாக எடுத்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டாள். நாளைக்கு ஏதாவது என்றால் நான் சாட்சி. நானும் தலையாட்டினேன்.

அந்தத் தாமரைகளை அவள் போட்டதை நான் பார்த்தேன். கோபத்தோடு போட்டாள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு அழகு. புடவையை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, இதழ் ஓரத்துக்கு வெள்ளை, நடுவுக்கு இளஞ்சிவப்பு, மகரந்தத்துக்கு மஞ்சள். ஆடிப் பனிமூட்டத்தில் எதுவும் சீக்கிரம் காயாது. வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயவைத்து, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் தண்ணீருக்குப் போவாள். காய்ந்ததும் பின்பக்கமாக இஸ்திரிப் பெட்டி போட்டுச் சூடேற்றினாள். அந்தச் சூட்டில்தான் பெயிண்ட் நூலைப் பிடிக்கும். மின்சாரம் அடிக்கடி போய்வந்ததால் கரிப்பெட்டியிலேயே செய்தாள். மாமியார் பகையாக இருக்கட்டும், சாமி என்ன செய்தது என்றாள்.

திருவிழா அன்று கோயில் முன்னால் நிற்க இடமில்லை. வேலூர், திருப்பூர் என்று வேலைக்குப் போனவர்களெல்லாம் வந்திருந்தார்கள். ஊருக்குத் தீர்ப்புச் சொல்கிற ஊர்க்கவுண்டர் துரைக்கண்ணு பாறையின்மேல் உட்கார்ந்திருந்தார். வேண்டுதல் வைத்தவர்கள் முதல் வரிசையில் பொங்கல் பானையோடு நின்றார்கள், செல்லியம்மாளும் அவர்களில் நின்றாள். தேவயானியும் நானும் பக்கவாட்டில். அவள் கை இடுப்பு முடிச்சிலேயே இருந்தது. முடிச்சுக்குள் அந்த உறை.

பூசாரி சிவப்புப் புடவையை எடுத்து எல்லோருக்கும் காட்டிவிட்டு அண்டாவில் முக்கினார். தேவயானி கண்ணை அண்டாவைவிட்டு எடுக்கவில்லை.  தூக்கினார். தண்ணீர் தெளிவாகச் சொட்டியது. திரும்ப முக்கிப் பிழிந்தார். ஒரு துளி நிறம் இறங்கவில்லை. அம்மனுக்குக் கட்டிவிட்டதும் ஈரத்தில் அந்தத் தாமரைகள் இன்னும் எடுத்துக் காட்டின. கூட்டத்தில் பெண்கள் அடேயப்பா என்றார்கள். அந்த ஒரு நிமிஷம் தேவயானியின் முகத்தில் நான் பார்த்த சந்தோஷத்துக்கு எதையும் கொடுக்கலாம்.

ஒரு நிமிஷம்தான். பின்னால் புவனா யாரிடமோ மெல்லத்தான் சொன்னாள். அவள் மெல்லச் சொன்னால் மலை இறங்கி ஒடுகத்தூர்வரை கேட்கும். துவைக்காத துணியில் இந்தப் பெயிண்ட் நிற்காது, வகுப்பிலேயே சொன்னார்கள். நின்றிருக்கிறது என்றால் துவைத்த புடவைதான். ஒரு வாயிலிருந்து அடுத்த வாய்க்குப் போய், பேச்சு பாறைவரை ஏறிவிட்டது. ஊர்க்கவுண்டர் கையைத் தூக்கினார். பூசாரியின் கையிலிருந்த மணி நின்றது.

“தேவயானி, இப்படி வா. பொடவைய தொவைச்சியா நீ?”

“நான் தொவைக்கலைங்க.”

“அப்ப எப்படிம்மா நின்னுது?”

 அவள் இடுப்பு முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். கண் முதல் வரிசையில் இருந்த மாமியாரைத் தேடிக்கொண்டு போனது. இத்தனை வருஷத்துச் சிரிப்புக்கும் சேர்த்து ஒரே அடியாகத் திருப்பிக் கொடுக்கப் போகிறாள் என்று தெரிந்தது. சாட்சி சொல்ல நானும் ஓரடி முன்னால் வைத்தேன்.

உறை வெளியே வருவதற்குள் செல்லியம்மாள் பொங்கல் பானையைக் கீழே வைத்துவிட்டாள்.

“நான்தாங்க தொவைச்சேன். அதை ஒண்ணும் கேக்காதீங்க. அதுக்குத் தெரியாது.”

 சாமி புடவையைத் துவைக்க உனக்கு என்ன வந்தது என்று பூசாரி சத்தம் போட்டார். செல்லியம்மாள் அம்மனைப் பார்த்துக்கொண்டே பேசினாள், எங்களைப் பார்க்கவில்லை.

“மருமவ கையால பூப்போட்டுச் சாத்தறேன்னு ஆஸ்பத்திரில வேண்டிக்கினேன். தண்ணி பட்டா அது இன்னா ஆவும்னு அன்னிக்கி எனக்கு நெனப்பில்ல. அப்பால எம் பொண்ணு பொடவை ஞாபகம் வந்துச்சு. இந்தப் புவனாகிட்ட கேட்டேன், தொவைக்காம போட்டா கரையும்னு சொல்லிச்சு. மருமவ கைய நம்பித்தான் இப்ப எங்க வூட்ல ஒலை வெக்கிறது. ஒருவாட்டி நாலு பேரு முன்னாடி நான் அதை அசிங்கம் பண்ணிட்டேன். ஊரு முன்னாடி இன்னொருவாட்டி வேணாம்னு ஓடையில அலசிட்டேன். குத்தம் எம்மேல வெய்யி, புள்ள மேல வெக்காதன்னு அன்னிக்கே ஆத்தாகிட்ட சொல்லிட்டேன்.”

தேவயானியின் கை முடிச்சிலேயே நின்றுவிட்டது. நான் முன்னால் வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டேன். புவனா கூட்டத்துக்குள் எங்கோ மறைந்துபோனாள்.

ஊர்க்கவுண்டர் முடிவு சொன்னார். வேண்டுதல் சேரவில்லை. அடுத்த ஆடிக்கு நெசவில் பூ விழுந்த வேறு புடவை சாத்த வேண்டும். அதுவரை செல்லியம்மாள் வரிசையில் நிற்கக் கூடாது, பானை வைக்கக் கூடாது, கோயில் திருநீறு கிடையாது. மகனுக்காக ஒருவருஷம் பயந்து பயந்து கிடக்க வேண்டும் என்பதைத்தான் அவர் அந்த வார்த்தைகளில் சொன்னார். செல்லியம்மாள் தரையில் விழுந்து கும்பிட்டாள். ஒரு எதிர்ப்பேச்சு இல்லை. பூசாரி அம்மன்மேலிருந்து புடவையை அவிழ்த்து ஈரத்தோடு சுருட்டிக் கொடுத்தார். அதை வாங்கப் போனவள் தேவயானி.

திரும்பும் வழியில் செல்லியம்மாள் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். யாரும் அவளோடு சேர்ந்து நடக்கவில்லை. ஆனந்தன் கூடப் போகப் பார்த்தான். அவள்தான், கோயிலில் சோறு போடும்வரை நீ இரு என்று அவனை அதட்டி நிறுத்திவிட்டாள். தேவயானி ஈரப்புடவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்து அவளைப் பிடித்தாள். நான் கொஞ்சம் தள்ளி வந்தேன். காது கேட்கிற தூரம்தான்.

“தொவைச்சிட்டேன்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?” என்று கேட்டாள். குரல் சண்டை போடுகிற குரலாகத்தான் இருந்தது. வேறு குரலில் மாமியாரிடம் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

செல்லியம்மாள் நின்று திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. தெரியாததைக் கேட்கிறவளைப் போலத்தான் கேட்டாள்.

“ஒனக்காகத்தான் தொவைச்சேன்னு சொல்லியிருந்தா, நீ நம்பியிருப்பியா?”

ஆயிரம் குறை இருந்தாலும் தேவயானி பொய் சொல்லமாட்டாள். யோசித்துப் பார்த்தாள்.

“மாட்டேன் அத்த,” என்று சொல்லிவிட்டு, ஊர் பார்க்க நடுவழியில் நின்று அழுதாள்.